வரிசையில் நிற்காத தக்காளி

"இதுவும் இல்லை தாயி."

பிரமநாயகம் கூடையைக் கீழே வைத்தார். கூடை நிறையத் தக்காளி. உருண்டையாய் ஒரு ரகம். முட்டை மாதிரி நீளமாய் ஒரு ரகம். மஞ்சள். கோலிக்குண்டு அளவில் கொத்துக்கொத்தாய்க் காய்ப்பது. எல்லாம் அவர் கையால் போட்டது.

வடிவம்மை ஒன்றை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். கடித்தாள்.

"நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு. அது இல்லை."

"எது?"

அதைச் சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் மலையடிவாரம் வரைக்கும் பஸ் ஏறி வருகிறார்.

வடிவம்மைக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. சுற்றிக் கொஞ்சம் மண். விதை கேட்டு வந்தவர்கள் போகிற போக்கில் கேள்வியும் கேட்டார்கள். அவள் பதில் சொன்னாள். சில நாள் சொல்லவில்லை. சொல்லாத நாட்களால்தான் கூட்டம் கூடியது. குரு என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிரமநாயகம் அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி பிடித்து ஊரையே அளந்தவர். புறவாசலில் தோட்டம் போட்டபோதும் கயிறு கட்டித்தான் போட்டார்.

பெண்டாட்டி போன பிறகு போட்ட தோட்டம்.

ஆவுடையம்மாள் இருந்தவரைக்கும் அவர் புறவாசலை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே என்ன நின்றது, எது காய்த்தது, தெரியாது. இலையில் ரசம் வந்தது. குடித்தார். அவருக்கும் தக்காளிக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

இப்போது அந்த ரசம் வேண்டும்.

"புளிப்பு," என்றார். "சின்னப் பழம். பூசணி மாதிரி வரிவரியா இருக்கும். மேல வெடிச்சிருக்கும். கடையில வச்சா ஒருத்தன் வாங்கமாட்டான். அதைக் கையால பிசைஞ்சு விடுவா. தெருமுனையில திரும்பும்போதே எனக்கு நாக்கு ஊறும்."

"விதை எங்க வாங்குனாங்க?"

"கேக்கலியே."

"ஒருநாளும்?"

"எதுக்குக் கேக்க? அவதான் இருந்தாள்லா."

வடிவம்மை கையை நீட்டச் சொன்னாள். நீட்டினார். விரல் நுனியெல்லாம் கரும்பச்சையாய்க் கறை. குனிந்து மோந்தாள்.

"தக்காளிச் செடி வாசம் அடிக்கு அண்ணாச்சி."

"காலையில களை பிடுங்கினேன்."

"தக்காளியுமா களை?"

"தானா முளைச்சது தாயி. வரிசையில நிக்காதது. அதை விட்டா சுருட்டை நோயைக் கொண்டாந்து நட்டதுக்கும் ஒட்டிவிடும்னு சொல்லுதாங்க. முளைக்க முளைக்கப் பிடுங்கிருதேன். ஒண்ணு விடுதது இல்லை."

பெருமையாகத்தான் சொன்னார்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

தொட்டியில் கழுவினார். சோப்பு வாங்கிப் போட்டுக் கழுவினார். வந்தார்.

"போயிட்டா?"

மோந்து பார்த்தார். "போகலியே."

"போகாது," என்றாள் வடிவம்மை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேட்டது விதை. கிடைத்தது சோப்பு. பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

*

அவள் சொல்லாவிட்டால் போகட்டும். விதை வேறெங்கும் கிடைக்காதா?

சந்தை சந்தையாய் அலைந்தார். நாற்றுப் பண்ணையில் கேட்டார். வரி, வெடிப்பு, புளிப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, நோய்பிடித்த பழத்துக்கா இந்தத் தேடல் என்று பண்ணைக்காரன் கேட்டான். அங்கே அப்புறம் போகவில்லை.

கடைசியில் ஆவுடையம்மாள் பிறந்த ஊருக்கே போனார். அவள் அண்ணன் பெண்டாட்டி மோர் கொடுத்து உட்காரவைத்தாள். தக்காளி விதை என்றதும் அவளுக்குச் சிரிப்பு.

"எங்க வீட்ல ஏது? உங்க வீட்லயிருந்துதான் எங்களுக்கு வரும். தூக்குச்சட்டி நிறையக் கொண்டாருவா. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது.

அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஏற்றிவிட்டது அவர்தான். கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது ஞாபகம் இருக்கிறது. உள்ளே என்ன என்று கேட்டதில்லை.

மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். கடைசி பஸ் வரைக்கும் இருங்களேன் என்றாள் அவள். இருந்து என்ன செய்ய.

*

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவம்மை வீட்டில் தோட்டக்காரர்கள் கூடுவார்கள். தோட்டக்காரர்கள் என்றால், மாடியில் பை வைத்துக் கீரை போட்டவர்கள், காம்பவுண்டு ஓரமாய்க் கத்தரி நட்டவர்கள். கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும்.

ஐப்பசிக் கூட்டத்தில் சண்டை தக்காளியில் ஆரம்பித்தது. பேங்க் செல்லத்துரை ஹைபிரிட் கட்சி. ஜெபக்கனி டீச்சர் நாட்டு ரகக் கட்சி. ஹைபிரிட்டைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும் என்றார் டீச்சர். நாட்டுத் தக்காளி வீடு போய்ச் சேருவதற்குள் பையிலேயே சட்னியாகிவிடும் என்றார் செல்லத்துரை. சிரித்தார்கள். சிரித்துவிட்டு உண்ணிச்செடிக்கு வந்தார்கள்.

முள்ளும் கொத்துப் பூவுமாய் வேலியோரம் நிற்குமே, அது. என்றைக்கோ பூவுக்கென்று கப்பலில் வந்த செடி. இப்போது மலை பாதி அதுதான்.

டீச்சர் வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது. பட்டாம்பூச்சி வருகிறது. வைத்துக்கொள்ளவா, வெட்டவா என்று கேட்டார்.

"வெட்டுங்க," என்றாள் வடிவம்மை.

செல்லத்துரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் நிலம். நாளைக்கே ஆள் விட்டு உண்ணி முழுவதையும் வேரோடு பிடுங்கிவிடுகிறேன் என்றார்.

"அதை விட்டு வைங்க," என்றாள்.

பிரமநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. ஓர் எல்லைக்கல்லுக்கு ஓர் இடம்தான் என்று உத்தியோகம் பார்த்தவர்.

"ஒரே செடிக்கு ரெண்டு தீர்ப்பா?"

"செடி ஒண்ணுதான் அண்ணாச்சி. நிக்கிற இடம் ரெண்டு. மழை வருது. சரிவுல வேரைப் பிடுங்கினா, மண்ணு கீழத்தெருவுல கிடக்கும்."

"அன்னியச் செடி எங்க நின்னாலும் அன்னியச் செடிதான். என் தோட்டத்துல ஒண்ணு விடமாட்டேன்."

"ஒண்ணுகூடவா?"

ஒன்று நின்றது.

அடுக்களை ஜன்னலுக்கு வெளியே, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் ஓடையோரம். ஆவுடையம்மாள் கோயிலுக்கு மலையேறிப் போனபோது பூ அழகாயிருக்கிறது என்று ஒடித்துவந்து குத்தி வைத்த கம்பு. முள்ளுச்செடி வீட்டுக்கு ஆகாது என்று அவர் சத்தம் போட்டார். நிக்கட்டும், உங்களை என்ன செய்யுது என்றாள் அவள். அத்தோடு பேச்சு முடிந்தது. இப்போது ஆள் உயரம். புதராய் அடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே அடுக்களையை எட்டிப் பார்க்கிறது.

தோட்டத்தில் அவர் கை படாத இடம் அது ஒன்றுதான்.

"ஒண்ணு நிக்கு," என்றார்.

"ஏன் விட்டு வச்சீங்க?"

"முள்ளு."

வடிவம்மை அவர் கையைப் பார்த்தாள். கருவேல முள் கிழித்தது, ரோஜா முள் கிழித்தது, தழும்பு முழங்கை வரைக்கும் கிடந்தது.

"சரி," என்றாள்.

*

தை பிறந்தது. ஆவுடையம்மாளின் தெவசம் வந்தது.

இரண்டு நாள் முன்னால் தவசிப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டில் சமைக்கிறவர் அவர்தான். பிரமநாயகத்தின் தம்பி நெல்லையப்பனும் வந்திருந்தான். வாழைக்காய், சேனை, புடலங்காய், பாகற்காய் என்று காய்களைச் சொல்லிக்கொண்டு போனார் தவசிப்பிள்ளை.

பிரமநாயகம் தொண்டையைச் செருமினார். ரசத்தில் தக்காளி சேர்க்கவேண்டும் என்றார்.

"தக்காளி ஆகாது."

"ஏன் ஆகாது?"

"சீமைக்காய்லா. கேரட்டு, முட்டைக்கோஸ், தக்காளி எதையும் தெவசத்துல சேக்கப்படாது. கப்பல்ல வந்தது. செத்துப்போன பெரியவங்களுக்கு அது என்னன்னே தெரியாது."

"அவளுக்குத் தெரியும்."

"அண்ணே," என்றான் நெல்லையப்பன். "வழக்கம்னு ஒண்ணு இருக்கு. பிடிச்சதைத்தான் வைக்கணும்னா மைனிக்குக் குச்சி ஐஸ்கூடப் பிடிக்கும்."

மிளகு ரசம் என்று முடிவானது. காப்பியைக் குடித்துவிட்டு இருவரும் போனார்கள்.

பிரமநாயகம் புறவாசலுக்கு வந்தார். கயிறு கட்டின வரிசைகளைப் பார்த்தார். பந்தல் கம்பு நட்டு, மண்ணைக் கொத்தி, ஒரு புல் விடாமல் காவல் காத்த தக்காளி. எல்லாம் கப்பலில் வந்தது. காத்ததும் அதுதான். பிடுங்கினதும் அதுதான்.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த மாதிரிக் கோபத்துக்கு அரிவாள்தான் வசதி. எடுத்துக்கொண்டு நேரே உண்ணிச்செடிக்குப் போனார்.

வெட்டினார். முள் கிழித்தது. மறுபடி வெட்டினார். கிளைகள் சரிந்ததும் உள்ளே வெயில் விழுந்தது.

உள்ளே ஒரு செடி இருந்தது.

உண்ணியின் கிளைகளையே பந்தலாகப் பற்றி ஏறியிருந்தது. யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் விடவில்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் போதுமாய் இருந்திருக்கிறது. கையை விட்டு இலையை ஒதுக்கினார். அந்த வாசம்.

ஒரே ஒரு பழம். சின்னது. பூசணி மாதிரி வரிவரியாய். மேலே வெடித்திருந்தது. பக்கத்தில் இரண்டொரு பிஞ்சு.

அரிவாளைக் கீழே வைத்தார்.

விரலைப் பார்த்தார். கரும்பச்சை.

ஓடையோரம். துவைக்கிற கல்லோரம். ஜன்னலுக்குக் கீழே. முளைக்க முளைக்க. ஒண்ணு விடாமல்.

வெட்டின கிளைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

*

"கிடைச்சிட்டு தாயி."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். கைக்குட்டையை விரித்துக் காட்டினார். வடிவம்மை கத்தரிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தாள். பார்த்தாள். தொடவில்லை.

"எங்க நின்னுது?"

"உண்ணிக்குள்ள. நான் அந்தச் செடியைத் தப்பா நினைச்சிட்டேன். அதுதான் காப்பாத்தியிருக்கு. இனி அதை வெட்டமாட்டேன்."

"வெட்டுங்க."

"என்ன தாயி இது? அதுதான காப்பாத்திச்சு?"

"உங்ககிட்டயிருந்து காப்பாத்திச்சு. இனி எதுக்கு?"

வடிவம்மை கொத்தினாள். மண் புரண்டது. ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்திக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"ஒத்தப் பழம். தின்னவா? விதைக்கு எடுக்கவா? இல்ல, எவன் என்ன சொன்னாலும் சரின்னு நாளைக்கு அவ இலையில வைக்கவா? மத்தது பிஞ்சு. பழுக்கிறதுக்குள்ள அணில் கொண்டுபோனாலும் போச்சு."

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?"

"வேற யார்ட்ட கேக்க?"

"அவங்க என்ன செய்வாங்க?"

"எவங்க?"

வடிவம்மை ஒரு மண்கட்டியை உடைத்தாள்.

அவர் நின்றார். கண்ணை மூடினார். அடுக்களை வந்தது. அவள் முதுகு வந்தது. எத்தனையோ வருஷம் கூடத்தில் உட்கார்ந்து, பேப்பருக்கு மேலாகப் பார்த்த முதுகு. சட்டி கொதிக்கிறது. பழத்தைக் கையால் பிசைந்து விடுகிறாள். தோலும் சக்கையும் கையில் மிஞ்சுகிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல், வாயில் ஏதோ பாட்டு, கை மட்டும் அந்தப் பக்கம் போகிறது.

கண்ணைத் திறந்தார்.

"அவ விதை வாங்கினதே இல்ல தாயி. நட்டதும் இல்ல."

"ம்."

"ஜன்னல் வழியா எறிவா."

வடிவம்மை நிமிரவில்லை.

"பஸ் போயிரும்," என்றாள். "ஓடுங்க."

*

அன்றைக்கு அவருக்கு ஒருபொழுது. மறுநாள் தெவசம் கொடுக்கிறவர் முந்தின நாள் மதியம் மட்டும்தான் சாப்பிடலாம்.

சோறு வடித்தார். ரசம் வைத்தார். வைத்துப் பழக்கமில்லை. புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கேட்க ஆளில்லை. பழத்தைக் கையால் பிசைந்து விட்டார். விதை விரலிடுக்கில் வழுக்கியது. தோலும் சக்கையும் கையில் மிஞ்சியது.

ஜன்னல் அவள் உயரத்துக்கு வைத்தது. அவர் கொஞ்சம் குனியவேண்டியிருந்தது.

வெளியே வெட்டின உண்ணிக் கட்டை, பிஞ்சோடு அந்தச் செடி. அதற்கு அப்பால் பெருக்கிக் கொத்தி, கயிறு கட்டின மண். ஒரு தூசி துரும்பு இல்லை.

எறிந்தார். சொத்தென்று விழுந்தது.

இலை போட்டு உட்கார்ந்தார். சோற்றைக் குழித்து ரசத்தை ஊற்றினார். ஒரு வாய் வைத்தார்.

புளிப்பு. அதே புளிப்பு.

தலையைத் தூக்கினார்.

"உப்பு கூடிப்போச்சு," என்றார், அடுக்களையைப் பார்த்து, சத்தமாக.

அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டியைச் சாய்த்து வழித்துக் குடித்தார். தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை. காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெயில் சாயும்வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

*

மறுநாள் எல்லாம் முறைப்படி நடந்தது. தவசிப்பிள்ளை சமைத்தார். சீமைக்காய் எதுவும் அடுக்களைப் பக்கம் வரவில்லை. பூசை முடிந்தது. வாழையிலைத் துண்டில் சோறும் காயும் வைத்து, நெய் விட்டு, மொட்டைமாடிச் சுவரில் வைத்தார் பிரமநாயகம்.

காக்கை எடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பந்தி.

கா, கா என்று கூப்பிட்டார்கள். காக்கை வரவில்லை. நெல்லையப்பன் கைதட்டிக் கூப்பிட்டான். வரவில்லை. பிள்ளைகளுக்குப் பசி. பெரியவர்களுக்கும் பசிதான், அவர்கள் சொல்லவில்லை. மைனிக்கு ஏதோ மனக்குறை இருக்கு என்றாள் நெல்லையப்பன் பெண்டாட்டி. குறை இருந்தால் சமையலில் இருக்காது என்றார் தவசிப்பிள்ளை. இத்தனை வருஷம் இலையில் விழுந்ததைத் தின்றுவிட்டு எழுந்துபோன மனுஷனுக்கு இப்போதுதான் காக்கை காட்டுகிறது என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பிரமநாயகத்தின் காதில் விழுந்தது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சோற்றில் நெய் உறைய ஆரம்பித்தது.

கீழே தண்ணீர் குடிக்கப் போன நெல்லையப்பன் அடுக்களையிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க ஒரு காக்கா நிக்கு. புறவாசல்ல குப்பையைக் கிண்டுது. வெரட்டி விடுதேன், மேல சோத்துக்கு வரும்."

பிரமநாயகம் படியிறங்கி வந்தார். ஜன்னலில் குனிந்தார்.

கயிறு கட்டின மண்ணில் நின்றது காக்கை. ஒரு காலால் தக்காளித் தோலை மிதித்து, கொத்தி இழுத்தது. தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தது. பயப்படவில்லை. மறுபடி கொத்தியது.

நெல்லையப்பன் வெளியே போகக் கதவைத் திறந்தான்.

"விடு," என்றார்.

"மேல சோத்துல இன்னும் வாய் வைக்கலியே அண்ணே. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

காக்கை தோலை வாயில் கவ்விக்கொண்டது. மதிலைத் தாண்டி, அடுத்த வீட்டுப் புறவாசலையும் தாண்டிப் பறந்தது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார் பிரமநாயகம்.

"சாப்பிட்டாச்சு," என்றார். "இலையைப் போடு."